அரை மாத்திரை

சயான் ஸ்டேஷனுக்கு எதிர்ச்சந்தில் ஒரு கிளினிக்.
இசிஜி எடுப்பது என் வேலை.
பத்து வயர், ஆறு ரப்பர் குமிழ், கொஞ்சம் ஜெல்.
சட்டையைக் கழற்றச் சொல்வேன்.
ஹில்னா மத் என்பேன்.
ரோஜா நிறக் கட்டத்தாளில்
மனிதர்கள் மேடும் பள்ளமுமாய் வெளியே வருவார்கள்.

என்னை நானே மூன்று முறை எடுத்துவிட்டேன்.
மூன்றாம் முறை வயர் மாட்டிய ஷுபாங்கி
பைத்தியமா உனக்கு என்று சிரித்தாள்.
மூன்றும் நார்மல்.
நார்மல் என்று அச்சான தாள்
என் கையில் படபடத்தது, ஃபேன் ஓடாத அறையில்.

குர்லா தாண்டி
ரயில் சிக்னலில் நின்றால் போதும்.
முதலில் உதடு மரக்கும்.
பிறகு இடது கை, சுண்டுவிரல் பக்கம்.
தொண்டையில் விழுங்கவும் துப்பவும் முடியாத ஒரு பாக்கு.
மூச்சு போகிறது, அடிவரை போவதில்லை,
தண்ணீர் வராத நாளில் மோட்டார் இழுப்பதுபோல்.
வயிற்றில் புளியைக் கரைக்கும் என்பார்களே,
கரைத்த புளியில் குழம்பாவது வைக்கலாம்.
லேடீஸ் டப்பாவில் பூண்டு உரித்துக்கொண்டு வருபவள்
என் முகத்தைப் பார்த்து ஜன்னலோரம் கொடுத்தாள்.
எத்தனை மாசம் என்றாள்.
நாலு என்றேன்.
பாண்டுப் வரும்வரை அந்தப் பொய்யில் உட்கார்ந்திருந்தேன்.

பெரியாஸ்பத்திரியில், பத்தொன்பதாம் நம்பர் அறையில்,
கப்ராஹட் ஹோத்தா ஹை க்யா என்று கேட்டார் டாக்டர்.
அவரிடம் ஒரே ஒரு சொல்.
என்னிடம்
படபட, பதைபதை, வெலவெல, கிறுகிறு,
எல்லாம் இரண்டிரண்டாய்,
நெஞ்சு அடிப்பதுபோலவே.
பிரித்தால் பொருள் தராது என்று
தாராவி முனிசிபல் பள்ளியில் மனப்பாடம் செய்தவை.
ஹான் என்று மட்டும் சொன்னேன்.

ராத்திரி பாதி மாத்திரை. பதினைந்து நாள்.
அப்புறம் முழுசு.

மருந்துக்கடை பாய் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
பெயரைச் சத்தமாகப் படித்தார்.
எனக்குப் பின்னால் எங்கள் சால் ரீட்டாக்கா நின்றிருந்தாள்.
கறிவேப்பிலைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

எத்தனை வருஷம்? நிறுத்தினால் என்ன ஆகும்?
தூக்கக் கலக்கத்தில் ஒருவர் பெயரை
இன்னொருவர் தாளில் எழுதிவிட்டால்?
ஞானராஜோடு சண்டை போடாத நாளில்
போடாதது நானா, மாத்திரையா?
பெட்டிக்குள் மடித்திருந்த காகிதத்தைப் பிரித்துப் படித்தேன்.
பக்கவிளைவு: படபடப்பு, கைநடுக்கம்.
அதுக்குத்தானய்யா இது.

அரிவாள்மனையில் நறுக்கியதில்
ஒரு பாதி தெறித்து கேஸ் மேடைக்கு அடியில் போனது.
மறு பாதி பர்ஸில், சில்லறையோடு, பதினோரு நாள்.
உரசி உரசி ஓரம் மழுங்கிவிட்டது.
ஒருதரம் வடாபாவ்காரனிடம் நீட்டப் பார்த்தேன்.

நேற்று கதம் என்று ஒரு டாக்ஸிக்காரர்.
நார்மல் என்றேன், நம்பவில்லை.
இன்னொன்று எடு, காசு தருகிறேன் என்றார்.
அவருடைய வலது கை
இடது சுண்டுவிரலைப் பிசைந்துகொண்டிருந்தது.
இன்னொன்று எடுத்தேன். காசு வாங்கவில்லை.
பத்தொன்பதாம் நம்பர் அறைக்கு வழி
வாய்வரை வந்தது.
பர்ஸில் அதை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்ல.

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை மாத்திரை.
அன்றைக்கு அது புள்ளி வைத்த எழுத்து.
மரத்த உதடும் சில்லிட்ட பாதமும்
மெய்தான் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

ராத்திரி, டிவி சத்தத்தைக் குறைக்காமல்
என்ன முழுங்குறே என்றான் ஞானராஜ்.
மாத்திரை.
எதுக்கு?
மெய்க்கு என்றேன்.
என்னது என்றான். விளம்பரம் முடிந்துவிட்டது.

விளக்குமாற்றுக் குச்சியை விட்டு
கேஸ் மேடைக்கு அடியில் துழாவினேன்.
தூசி, ஒரு கடுகு, ரப்பர் பேண்ட்,
பிறகு அது.
எறும்புகூடத் தொடவில்லை.
ஊதி, மடித்து வைத்தேன், நாளைக்கு.